காற்றுப் பகுதியிலிருந்து பதில் இல்லை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. என் நாத்தனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இது பிறந்தே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டுச் சமையலறையில் நின்று கேரட் தோல் சீவிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, அந்தப் பொண்ணு இன்னும் எத்தனை புத்தகத்துக்குத் தனியாவே உக்காந்து டீ குடிப்பா?"

அந்தப் பொண்ணு என்றால் என் கேப்டன். கிரகத்துக்குக் கிரகம் பனிக்கட்டி ஏற்றிச் செல்லும் ஒரு விண்வெளிச் சரக்குக் கப்பல், அதற்குத் தலைமை தாங்கும் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி. இவளை வைத்துப் பதினொரு புத்தகம் எழுதியாயிற்று. பதினொன்றிலும் இவள் பேசியதையெல்லாம் கூட்டிப் பெருக்கினால் நாலு பக்கம் தேறினால் அதிகம். எது சொன்னாலும் 'ம்' என்பாள். எரிகல் வருகிறது என்றாலும் 'ம்'. எரிகல் தப்பிப்போயிற்று என்றாலும் அதே 'ம்'. கப்பலில் இருப்பவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் 'ம் மேடம்' என்றுதான் சொல்கிறார்கள்.

(முதல் இரண்டு புத்தகங்களில் 'அவர்' என்றுதான் மரியாதையாக எழுதினேன். பழகப் பழக 'அவள்' ஆகிவிட்டாள். ஆட்சேபம் இருந்தால் சொல்லியிருப்பாளே என்று நான் தப்பிக்க முடியாது. அவள்தான் எதையுமே சொல்ல மாட்டாளே.)

"அவளுக்கு ஜோடின்னு நான் யாரை அண்ணி கொண்டு போய்..." என்று இழுத்தேன்.

"அதான் காத்துக்காரர் இருக்காரே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காற்றுக்காரர் என்பவர் அந்தக் கப்பலில் காற்றைப் பார்த்துக்கொள்பவர். அவர் வடிகட்டிகளைச் சுத்தமாக வைத்திருப்பதால்தான் மற்றவர்கள் மூச்சு விடுகிறார்கள். தினமும் காலையில் கேப்டனின் அறைக்கு வந்து, எந்தத் தளத்தில் காற்று எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். கதையில் அவருக்கு வேறு வேலையே கிடையாது.

"அவரா? எப்படி அண்ணி அவரைப் பிடிச்சீங்க?"

"நான் எங்க பிடிச்சேன்? நீதான் எழுதி வச்சிருக்க. என்ஜின்காரன், சமையல்காரம்மா, எல்லாரும் அவ ரூம்ல நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போறாங்க. காத்துக்காரர் மட்டும் உக்காந்து சொல்றாரு. ஆறாவது புத்தகத்துலேருந்து பாரு. நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கா, ஒனக்குத் தெரியலையா?"

ஓடிப்போய் அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கினேன். உண்மைதான். வரிக்கு வரி உட்கார்ந்திருக்கிறார் மனுஷர்.*

* காரணம் வேறு. நாலாம் புத்தகத்தில் ஏணியிலிருந்து விழுந்து அவருக்கு முட்டி பிசகியது. அதற்காக ஒரு நாற்காலி போட்டேன். ஐந்தில் முட்டி சரியாகிவிட்டது. நாற்காலியை எடுக்க மறந்துவிட்டேன். மறதி என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேப்டனும் அதை எடுக்கச் சொல்லவில்லையே! கப்பலில் ஒரு திருகாணி இடம் மாறி இருந்தாலும் அவளுக்கு மூக்கு வேர்த்துவிடும்.

2

ஆகவே ஒரு காதல் கதை. எப்படித் தொடங்குவது?

முதல் முயற்சி:

எல்லையற்ற கருவெளியில், கோடானுகோடி விண்மீன்கள் மௌன சாட்சியாய் நிற்க, தன்னந்தனியே மிதந்து செல்லும் ஒரு

வேண்டாம். அண்ணிக்குப் போனில் படித்துக் காட்டினேன். 'விண்மீன்கள்' வரும்போதே அந்தப் பக்கம் கொட்டாவிச் சத்தம் கேட்டது.

இரண்டாம் முயற்சி:

"கேப்டன், உங்கள் விழிகளில் நான் காண்பது"

ஐயையோ. காற்றுக்காரர் செத்தாலும் இப்படிப் பேச மாட்டார். யார் கண்ணிலாவது தூசி விழுந்தால் ஒழிய அவர் அடுத்தவர் கண்ணைப் பார்க்கிற ஆள் இல்லை.

மூன்றாம் முயற்சியில் பிடி கிடைத்தது. நீங்களே பாருங்கள்:

கேப்டனின் அறை சின்னது. நின்றபடி கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும். தரையோடு முடுக்கிய மேசை. மேசைக்கு மேலே காற்று வரும் சல்லடை. கப்பல் குலுங்கினாலும் சிந்தாமலிருக்க, மூடி போட்ட டீக் குவளை. காற்றுக்காரர் உட்கார்ந்தார். தலையைச் சாய்த்துச் சல்லடையைக் கவனித்தார்.

"இந்த மூலை லேசா இருமுது மேடம். சாயங்காலம் வந்து பார்க்கறேன். கீழ்த்தளத்துல காத்து அருமையா இருக்கு. சமையலறைப் பக்கம் வெங்காயம் வதக்கினது இன்னும் போகல. அந்தம்மா கதவைத் தொறந்து வச்சே சமைக்கறாங்க, சொன்னா கேட்கறதில்ல. எனக்கு என்னவோ, அந்த வாசனை வந்தாதான் வீடு மாதிரி இருக்கு. அதனால நானும் ரொம்ப அதட்டறதில்ல."

"ம்" என்றாள் கேப்டன். அவளுக்கும் அந்த வாசனை பிடிக்கும். இவர் சொல்லித்தான் அவளுக்கே அது தெரிந்தது. கப்பலில் நூறு விஷயம் நடக்கிறது, நூறும் அவளிடம் புகாராக வரும். இவர் ஒருவர்தான் வந்து, காற்று அருமையாக இருக்கிறது என்று சொல்பவர். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் அவள் காலையில் எழுந்திருக்கிறாள் என்று சொன்னால் அது மிகை இல்லை.

"அப்புறம் மேடம்..." காற்றுக்காரர் எழுந்தார். "அடுத்த நிலையத்துல நான் இறங்கிக்கலாம்னு இருக்கேன். அங்க செடி வளர்க்கற கூடம் ஒண்ணு இருக்காம். அதுக்குக் காத்து பார்க்க ஆள் கேட்கறாங்க. வயசும் ஆகுது. இங்கயே இருன்னு சொல்லவும் எனக்கு யாரும் இல்ல, பாருங்க."

கேப்டன் குவளை மூடியைத் திருகினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. போகாதீங்க என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது.

"ம்" என்றாள்.

காற்றுக்காரர் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

(இதை எழுதிவிட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். 'அடிப் பாவி மகளே! இதுக்குமா ம்?' என்று தாளைப் பார்த்தே திட்டினேன். அடுத்த அறையிலிருந்து என் வீட்டுக்காரர், 'யாரு வந்திருக்கா?' என்று கேட்டார்.)

3

அவள் சொல்லாததற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. அதையும் அண்ணிதான் எடுத்துக் கொடுத்தார்.

"அஞ்சாவது புத்தகத்துல என்ஜின் ரூம்ல ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் விரும்பினாங்களே. ஒருத்தர் மேலதிகாரி, ஒருத்தர் கீழ வேலை பாக்கறவங்க. நேரா ரிப்போர்ட் பண்றவங்களோட அந்தப் பேச்சே கூடாதுன்னு சட்டம் சொல்லி, ஒருத்தரை வேற கப்பலுக்கு அனுப்பினது யாரு? உன் கேப்டன்தானே! இப்ப தனக்குன்னு வந்தா மட்டும் சட்டம் வளையுமா?"

வளையாது. வளைந்தால் அவள் என் கேப்டனே இல்லை. காற்றுக்காரர் தினமும் அவளிடம் நேராக ரிப்போர்ட் செய்பவர். போகாதே என்று அவள் சொன்னால் அவள் போட்ட சட்டத்தை அவளே மீறுகிறாள். சொல்லாவிட்டால் அவர் இறங்கிப் போய்விடுவார். அதற்குப் பிறகு காலை என்பது அவளுக்கு வெறும் கடிகார முள்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதுதான் என்னை நாலு நாள் பேனாவைத் தொடவிடாமல் செய்தது. கேப்டன் வாயைத் திறந்து எது சொன்னாலும் அந்தக் கப்பலில் அது உத்தரவு. 'இருங்க' என்று சொன்னால் அவர் இருப்பார். பிடித்து இருப்பாரா, கட்டளை என்று இருப்பாரா? அவளுக்கு எப்படித் தெரியும்?

4

இங்கே என் நாத்தனாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். உயரக் கோபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்த கிரேன் எந்தப் பெட்டியை எங்கே இறக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. என் தொடரை அவர் படிப்பதே குற்றம் கண்டுபிடிக்கத்தான் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

"உன் கப்பல்ல ஒண்ணு மட்டும் எனக்குப் பொறுக்கல," என்றார். "எங்க இடத்துல நான் 'மூணாம் பெட்டியை இறக்கு'ன்னா, கிரேன்ல இருக்கறவன் 'மூணாம் பெட்டியை இறக்கறேன்'னு திருப்பிச் சொல்லணும். திருப்பிச் சொல்லலைன்னா நான் சொன்னதாவே கணக்கில்ல. மறுபடியும் சொல்லணும். உன் கப்பல்ல இவ எதையோ சொல்றா, அவன் எதையோ செய்ய ஓடறான். எப்படிம்மா அது இன்னும் வெடிக்காம இருக்கு?"

நியாயமான கேள்வி. பன்னிரண்டாம் புத்தகத்திலிருந்து, அதாவது இந்தக் கதையிலிருந்து, கப்பலில் புது வழக்கம் கொண்டுவந்துவிட்டேன். கேப்டன் ஒலிபெருக்கியில் எதைச் சொன்னாலும், அதைக் கேட்ட ஒவ்வொரு பகுதியும் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். என்ஜின், சமையலறை, சரக்கு, காற்று எல்லோரும்தான்.

கதைக்கு அழகு சேர்க்கிறேன் என்று நினைத்துத்தான் சேர்த்தேன். அது என்ன கூத்து அடிக்கப் போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

5

முடிவுக்கு வழி தேடி அலைந்ததில் கையில் சிக்கியவை:

விபத்து. காற்றுக்காரர் மயங்கிக் கிடக்கிறார், கேப்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். இது என் பதிப்பாளருக்கு ரொம்பப் பிடித்த யோசனை. "ஒரு விபத்து வையுங்க மேடம், சும்மா பிச்சுக்கும்" என்றார். மயங்கிக் கிடப்பவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாமே, அதில் என்ன துணிச்சல்? அவருக்குக் காது கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லத் தெம்பு இருக்க வேண்டும். விபத்தைக் குப்பைக்கூடையில் போட்டேன்.

அவர் இறங்கிப் போகிறார், இவள் சன்னலில் நின்று பார்க்கிறாள். இதை முக்கால் பக்கம் எழுதினேன். எனக்கே அழுகை வந்தது. அண்ணியிடம் சொன்னேன். "உன் மேல இருக்கற மரியாதையே போயிடும்" என்றார். விட்டுவிட்டேன்.

அவர் முந்திக்கொண்டு அவளிடம்

இல்லை. அவள்தான் சொல்ல வேண்டும். பதினொரு புத்தகமாக வாயைக் கட்டி வைத்திருந்தவள் அவள்தானே.

6

கப்பல் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் கேப்டனும் துணைத் தலைவரும் மட்டும் இருந்தார்கள். துணை திரையைப் பார்த்துத் தூரம் கணித்துக்கொண்டிருந்தார். கீழே காற்றுக்காரர் பையைக் கட்டிவிட்டு, கடைசியாக ஒரு முறை வடிகட்டிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று கேப்டனுக்குத் தெரியும்.

"காத்துப் பகுதி இனிமே உங்ககிட்ட ரிப்போர்ட் பண்ணட்டும்," என்றாள் துணையிடம். "யார் அந்த வேலையில இருந்தாலும் சரி. இப்பலேருந்து."

"காத்துப் பகுதி இப்பலேருந்து என்கிட்ட ரிப்போர்ட் பண்ணும்," என்று துணை திருப்பிச் சொன்னார். பிறகு தாங்க முடியாமல், "ஏன் மேடம்?" என்றார்.

"ம்."

இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இனி காலையில் அவள் அறைக்கு வர வேண்டியதில்லை. அவர் தங்குகிறேன் என்று சொன்னாலும் வேலைக்காக வர மாட்டார். அவளுக்கென்று இருந்த ஒரே நல்ல நேரத்தைத் தன் கையாலேயே விட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவரை இருக்கச் சொல்லிக் கேட்கப் போகிறாள். முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் இவள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

கேப்டன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கைப்பிடியில் வரிசையாகப் பொத்தான்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று, எல்லோருக்கும் சேர்த்துச் சிவப்பாக ஒன்று. கேப்டன் மூச்சை இழுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

சிவப்புப் பொத்தான்.

வேறு எதை அழுத்துவாள், சொல்லுங்கள்? தனியாக ஒருவரைக் கூப்பிட்டுப் பேசிய பழக்கம் இருந்தால்தானே! வாய் திறந்த போதெல்லாம் கப்பல் மொத்தத்துக்கும் சொன்னவள். விரலுக்குத் தெரிந்த பொத்தான் அது ஒன்றுதான்.

"காத்துக்காரரே," என்றாள். "நீங்க இறங்காதீங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

துணையின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

பிறகு ஒலிபெருக்கி கரகரத்தது.

"என்ஜின் பகுதி. காத்துக்காரர் இறங்கக் கூடாது. கேப்டனுக்கு அவரைப் பிடிச்சிருக்கு. சரி."

கேப்டன் குனிந்து விரலுக்கடியில் இருந்த பொத்தானைப் பார்த்தாள். சிவப்பு.

"சரக்குப் பகுதி. காத்துக்காரர் இறங்கக் கூடாது. கேப்டனுக்கு அவரைப்..." ஒரு செருமல். "அவரைப் பிடிச்சிருக்கு. சரி."

"சமையலறை," என்றது அடுத்த குரல். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். "காத்துக்காரர் இறங்கக் கூடாது. கேப்டனுக்கு அவரைப் பிடிச்சிருக்கு. சரி. இது எங்களுக்கு எப்பவோ தெரியும் மேடம், அதையும் திருப்பிச் சொல்லணுமா?"

மானம் கப்பலேறிவிட்டது என்று நாம் சொல்வோம். அவள் மானம் ஏற்கெனவே கப்பலில்தான் இருந்தது, இனி ஏற வேறு இடமில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். துணை தரையில் பென்சிலைத் தேடுகிற சாக்கில் மேசைக்கடியில் போனவர் வெளியே வரவே இல்லை.

எல்லாப் பகுதியும் சொல்லி முடித்தாயிற்று. காற்றுப் பகுதி மட்டும் சொல்லவில்லை.

திருப்பிச் சொல்லாவிட்டால் மறுபடியும் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். மறுபடியும் சொல்ல அவளுக்கு உயிர் இல்லை. சல்லடையிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. அவர் கேட்டிருப்பார், கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் பையைத் தூக்கியிருப்பார் என்று அவள் நினைத்தாள்.

கதவு திறந்தது.

காற்றுக்காரர் நின்றார். முழங்கை வரை சாம்பல் நிறத் தூசி. கீழ்த்தளத்திலிருந்து மேலே வரும் வழியெல்லாம், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்ற ஆட்களைத் தாண்டி வந்திருக்கிறார். காது மடல் சிவந்திருந்தது.

"மேடம், அது உத்தரவா?"

"இல்ல."

"அப்ப நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை."

"வேண்டாம்."

"பதில் சொல்லலாமா?"

இந்தக் கேள்வியை அந்தக் கப்பலில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. கேப்டன் எழுந்து நின்றாள். 'ம்' என்று சொல்லியிருக்கலாம். பழக்கம் அதுதான். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"சொல்லுங்க," என்றாள். "நீங்க இனிமே எனக்குக் கீழ இல்ல, துணைக்கிட்ட மாத்திட்டேன். அதனால பயப்படாம சொல்லலாம். இறங்கறேன்னாலும் பரவால்ல." நிறுத்தினாள். "இல்ல, பரவால்லன்னு பொய் சொல்ல மாட்டேன். கஷ்டமாத்தான் இருக்கும். ரொம்பக் கஷ்டமா இருக்கும். ஆனா அது என் கஷ்டம். நீங்க சொல்லுங்க."

பன்னிரண்டு புத்தகத்தில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான்.

காற்றுக்காரர் வாயைத் திறந்தார்.

7

இங்கேதான் நிறுத்தியிருக்கிறேன்.

சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். அவர் என்ன சொல்வார் என்று இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன், இரண்டும் நன்றாகவே வந்தன. அப்புறம்தான் உறைத்தது. இத்தனை புத்தகமாக இந்தக் கப்பலில் உண்மையான கேப்டன் நான்தான். நான் சொல்கிறேன், அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். என்ஜின்காரர் பேசியதும் நான் சொன்னது, சமையல்காரம்மா பேசியதும் நான் சொன்னது. ஆனால் அவள், அந்த ஊமைப் பெண், தன்னிடம் இருந்த ஒரே சந்தோஷத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மனுஷனை அவன் பதிலை அவனே சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாள். அதற்கு அப்புறமும் நான் புகுந்து அவர் வாயில் வார்த்தையைத் திணித்தால், அவள் பட்ட பாட்டுக்கு என்ன மதிப்பு?

எனவே எழுத மாட்டேன். பதிப்பாளர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார், நான் எடுக்கவில்லை.

அண்ணியை அப்படித் தட்டிக் கழிக்க முடியுமா? இதுவரைக்கும் படித்துக் காட்டினேன். முடித்ததும் போனைக் காதில் அழுத்திக்கொண்டேன்.

"அண்ணி? இருக்கீங்களா?"

"இரு. மூக்கு சிந்திட்டு வர்றேன்." வந்தார். "மிச்சத்தை எப்ப எழுதுவ?"

"எழுத மாட்டேன் அண்ணி. படிக்கறவங்க சொல்லட்டும். உங்களுக்கு என்ன தோணுதோ, அதை நீங்க சொல்லுங்க."

"நான் சொன்னா அவரு இருக்கறேன்னுதான் சொல்வாரு. ஆனா அப்படிச் சொல்ல வச்சா அது என் உத்தரவால்ல ஆயிடும்?"

"அதேதான் அண்ணி என் கஷ்டமும்."

"கெட்டிக்காரிதான் போ," என்றார். திட்டா பாராட்டா தெரியவில்லை. பிறகு கோபுரத்தில் இருக்கும்போது பேசுகிற குரலில் கேட்டார்: "அது இருக்கட்டும். அவ அந்தச் செவப்புப் பொத்தானை அணைச்சாளா?"

தாளைப் புரட்டினேன். அழுத்தினாள் என்று இருக்கிறது. முகத்தைப் பொத்திக்கொண்டாள், எழுந்து நின்றாள் என்று இருக்கிறது. அணைத்தாள் என்று எங்கேயும் இல்லை. நான் எழுதவே இல்லை.

ஆக, அவள் பேசியது அத்தனையும் கப்பல் முழுக்கக் கேட்டிருக்கிறது. கஷ்டமாத்தான் இருக்கும் என்றதும் கேட்டிருக்கிறது. என்ஜின் அறையில் வேலை நின்றுவிட்டது. சமையல்காரம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஒலிபெருக்கியில் காதை வைத்திருக்கிறாள். துணை மேசைக்கடியிலேயே இருக்கிறார். காற்றுக்காரர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு இடம் விட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று படிக்கிற நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.